இல்லையென்று சொல்லுமுன்...

பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்), இரண்டாம் ஆண்டு

முன்பெல்லாம் நூலகத்திற்குப் போய் ஒரு புத்தகத்தைக் கேட்டால் நூலகர் சற்று யோசிப்பார். "பார்த்த நினைவு இருக்கிறது, நாளைக்கு வாருங்கள், தேடி வைக்கிறேன்" என்பார். இன்று நாம் ஒரு சொல்லைத் தட்டுகிறோம். கண்மூடித் திறப்பதற்குள் திரையில் விடை வருகிறது: ‘எதுவும் கிடைக்கவில்லை.’ நாமும் எழுந்து வந்துவிடுகிறோம். நூலகரின் சொல்லில் ஓர் ஐயம் இருந்தது; அந்த ஐயத்திலே நமக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. எந்திரம் சொல்லும் ‘இல்லை’யில் ஐயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

இந்த ‘இல்லை’ எங்கே பிறக்கிறது? தேடும்போது பிறக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பெரும்பாலான ‘இல்லை’கள் அதற்கு வெகு முன்பே, தகவலை எந்திரத்தில் ஏற்றும் நாளிலேயே பிறந்துவிடுகின்றன. ஆகையால் தகவலை ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுப்பது வெறும் வேகக் கணக்கன்று. அது ஒரு பொறுப்பு. எது விரைவாக ஏற்றும் என்று கேட்பதற்கு முன்னால், எது விடுபட்டதை நமக்குச் சொல்லும் என்று கேட்க வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து.

ஒரு சன்னலோரத்தில்...

இந்தக் கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. உதவித்தொகை தொடர்பாக ஓர் அலுவலகத்தின் சன்னலோரத்தில் என் தாயோடு நின்றேன். உள்ளே இருந்தவர் என் தாயின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயரே இல்லையே" என்றார். மறுபடியும் தட்டினார். மறுபடியும் இல்லை. அம்மா என் காதருகே குனிந்து, "நாம எதனா தப்பா குடுத்துட்டமாடா?" என்று கேட்டார். பெயர் இல்லை என்று சொன்னது எந்திரம். தவறு செய்துவிட்டதாக அஞ்சியது என் தாய். அந்த ஒரு கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

மூன்றாம் முறை போனபோது, வயதான ஓர் ஊழியர் காகிதப் பதிவேட்டை எடுத்து வரிசை எண்ணைக் கொண்டு பார்த்தார். பெயர் அங்கே இருந்தது. அதே எண்ணைக் கணினியில் தட்டியபோது திரையிலும் பெயர் வந்தது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அம்மா வீட்டில் சொல்லும் அதே பெயர், அதே எழுத்துகள். அந்தப் பெயரில் ‘பொ’ என்னும் எழுத்து உண்டு என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சொல்லடைவும் கிளஸ்டரும்

தேடும் எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்குவது எளிது. நம் அறிஞர்கள் அதை வெகுகாலமாகக் கையாலேயே செய்திருக்கிறார்கள். அதற்குச் சொல்லடைவு என்று பெயர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு அடைவு வெளியிட்டது. ஒரு சொல்லை எடுத்தால், அது எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று அடைவு சொல்லும். நூல் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை.

கணினியும் இதைத்தான் செய்கிறது. 1999-இல் டக் கட்டிங் என்பவர் உருவாக்கிய லூசீன் என்னும் நிரல், தன்னிடம் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் சொற்களாகப் பிரித்து அடைவு கட்டும். அந்த லூசீனை உள்ளே வைத்து 2010-இல் வெளிவந்தது எலாஸ்டிக்சர்ச். அதிலிருந்து 2021-இல் பிரிந்தது ஓப்பன்சர்ச். பல கணினிகள் சேர்ந்து ஒரே அடைவைத் தாங்கி நிற்பதுதான் கிளஸ்டர். ஒவ்வொரு பதிவும் தன் அடையாள எண்ணுக்கேற்ப ஏதாவது ஒரு பகுதியில் போய்ச் சேரும். அந்தப் பகுதியை ஷார்டு என்கிறார்கள். கேள்வி கேட்டால் எல்லாப் பகுதிகளும் தத்தம் அடைவைப் பார்த்து விடை சொல்ல, அவற்றைத் தொகுத்து நமக்குக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் வேறொரு கணினியில் நகல் வைத்துக்கொள்ளலாம். ஒரு கணினி படுத்துவிட்டாலும் தேடல் நிற்காது.

கையால் அடைவு செய்தபோது ஒவ்வொரு சொல்லும் ஒரு மனிதரின் கண் வழியாகப் போயிற்று. ஐயம் வந்தால் அவர் நிறுத்தினார், அடுத்தவரைக் கேட்டார். எந்திரம் கட்டும் அடைவில் அந்தக் கண் இல்லை. அந்தக் கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் தீர்க்க வேண்டிய கேள்வி.

வழிகள் நான்கு

ஏற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. முக்கியமான நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பதிவாக அனுப்புவது. தலைச்சுமையாக ஒவ்வொரு கூடையாய்க் கொண்டு போய்க் கொட்டுவது போன்றது. எந்திரம் ஒவ்வொன்றையும் வட்டில் பதிந்து உறுதி செய்துகொண்டுதான் பதில் சொல்லும். தவறு நேர்ந்தால் எந்தக் கூடையில் என்று அப்போதே தெரியும். ஆனால் இலட்சக்கணக்கில் போகும்போது பொழுது விடிந்துவிடும்.

இரண்டாவது, பல்க் என்னும் மொத்த முறை. ஆயிரம் பதிவுகளை ஒரே கட்டாகக் கட்டி ஒரே முறையில் அனுப்புவது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி: முதல் வரியில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை, அடுத்த வரியில் பதிவு. வேகம் மிக அதிகம். கட்டு மிகப் பெரிதானாலும் கெடுதல். எலாஸ்டிக்சர்ச் இயல்பாக 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கட்டை வாங்குவதே இல்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டு இடம் பிடிக்கும் என்பதால், ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு தமிழுக்குச் செல்லாது.

மூன்றாவது, லாக்ஸ்டாஷ் போன்ற ஒரு குழாய் வழி. ஒரு முனையில் தகவல் நுழையும், நடுவே வடிகட்டி இருக்கும், மறுமுனையில் கிளஸ்டர். முகவரி தெரியாத கடிதங்களை அஞ்சல் துறை தனியே எடுத்து வைப்பதுபோல, கிளஸ்டர் ஏற்க மறுத்த பதிவுகளைத் தனியே சேர்த்து வைக்கும் வசதி இதில் உண்டு. ஆனால் நாம் கேட்டாலொழிய அந்த வசதி இயங்காது. இது ஒரு பெரிய குறை என்பது என் கருத்து.

நான்காவது, நடுவில் காஃப்கா போன்ற ஒரு கிடங்கை வைத்துக்கொள்வது. தகவல் முதலில் கிடங்கில் வரிசையாய் நிற்கும். கிளஸ்டர் தன் சக்திக்கேற்ப எடுத்துக்கொள்ளும். கிளஸ்டர் விழுந்தாலும், கிடங்கில் வைத்திருக்கும் காலம்வரை தகவல் அழியாது. மீண்டும் முதலிலிருந்து ஏற்றலாம். நில்லாமல் தகவல் வந்துகொண்டிருக்கும் பெரிய இடங்களுக்கு இது ஏற்றது. மூன்று பழைய கணினி உள்ள நமக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

நாங்கள் கண்ட பாடம்

நம் துறையில் ஒதுக்கி வைத்திருந்த 3 பழைய கணினிகளை வாங்கி, நண்பர்கள் நால்வரும் நானும் சென்ற கல்வியாண்டில் ஒரு சிறு கிளஸ்டர் கட்டினோம். நம் நூலகப் பதிவேட்டை அதில் ஏற்றி, மாணவர்கள் நூற்பெயரையோ ஆசிரியர் பெயரையோ தமிழில் தட்டித் தேடும்படி செய்ய வேண்டும் என்பது ஆசை. விடுமுறையில் உட்கார்ந்து 6,214 பதிவுகளைத் தட்டச்சு செய்தோம். பல்க் முறையைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் என்று கேட்டால், வேகம் என்பதைத் தவிர அன்று எங்களிடம் வேறு காரணம் இல்லை. விரைவாக ஏற வேண்டும் என்று நகல்களை நிறுத்தி வைத்தோம். அடைவை நொடிக்கொருமுறை புதுப்பிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். இவை முதல் ஏற்றத்தின்போது யாவரும் செய்வதுதான். ஏற்றி முடித்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. ஒவ்வொரு கட்டுக்கும் ‘200’ என்ற பதில் வந்தது. ‘200’ என்றால் ‘சரி’ என்று பொருள். கொண்டாடிவிட்டோம்.

மறுநாள் நூலகரை அழைத்து வந்து காட்டினோம். அவர் ஒரு பழைய வைத்திய நூலின் பெயரைச் சொன்னார். தட்டினோம். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. "நம்மிடம் இல்லை போலிருக்கிறது, ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சிறிது நேரத்தில் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். "தம்பி, நாளைக்கு நான் ஓய்வு பெற்றுப் போய்விடுவேன். அப்போது உங்கள் எந்திரம் இல்லை என்றால், இருக்கிறது என்று சொல்ல இங்கே யார் இருப்பார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை.

கணக்கெடுத்துப் பார்த்தோம். ஏறியவை 6,031. விடுபட்டவை 183. எங்கே போயின? அப்போதுதான் அனுப்பிய கட்டுகளுக்கு வந்த பதிலை முழுவதும் படித்தோம். பல்க் முறையில் ‘200’ என்பது கட்டு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை. கட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே ஒரு விடை உள்ளே இருக்கிறது. ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை ஏறிவிடும். ‘பிழைகள் உண்டு’ என்று பதிலின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருந்தது. எந்திரம் சொல்லத்தான் சொல்லியது. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

மறுக்கப்பட்டவை எவை என்று பார்த்தபோது வியப்பு மேலும் கூடியது. ‘ஆண்டு’ என்ற கட்டத்தை எண் என்று நாங்கள் வரையறுத்திருந்தோம். ஓர் ஆசிரியர் குடும்பத்தார் நம் நூலகத்திற்கு நன்கொடையாக அளித்த பழைய நூல்களில் பலவற்றில் ஆண்டு எண்ணாக இல்லை. ‘விரோதி வருடம்’ என்று இருந்தது. ‘ஆண்டு அச்சிடப்படவில்லை’ என்று இருந்தது. இரண்டு மூன்று தொகுதிகளுக்கு ‘1956–57’ என்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைக் கண்ட எந்திரம் அந்தப் பதிவையே தள்ளிவிட்டது. ‘விரோதி’யை அது விரோதியாகவே எண்ணிவிட்டது என்று நண்பன் ஒருவன் வேடிக்கையாகச் சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. விடுபட்டவை ஏதோ சில நூல்கள் அல்ல. நம் நூலகத்திலேயே மிகப் பழையவை, வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. தேடுகிறவனுக்கு எவை மிகவும் தேவையோ அவையே தேடலுக்கு எட்டாமல் போயின.

நாங்கள் சோதிக்காமல் இல்லை. ஏற்றி முடித்த அன்று இருபது நூல்களின் பெயரைத் தட்டிப் பார்த்தோம், இருபதும் கிடைத்தன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் பானைக்குள் விழாத அரிசியை எந்தச் சோற்றைப் பதம் பார்த்துக் கண்டுபிடிப்பது? உள்ளே போனது எத்தனை, வெளியே நின்றது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

‘விரோதி’யை எண்ணாக மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. விரோதி 1889-இலும் வந்தது, 1949-இலும் வந்தது, 2009-இலும் வந்தது. எது என்று சொல்லத் தாளையும் அச்சையும் பார்த்தறியும் மனிதர் வேண்டும். தவறான பதிவைத் தள்ளாமல், அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்ளும்படி எந்திரத்துக்குக் கட்டளையிட வழியுண்டு என்றான் இன்னொரு நண்பன். உண்மைதான். ஆனால் அப்போது நூல் ஏறும், ஆண்டைக்கொண்டு தேடினால் கிடைக்காது. குறை நம் கண்ணுக்கு மறைவாகப் போய்விடும். எனவே இரண்டு கட்டம் வைத்தோம். நூலில் உள்ளபடியே ஆண்டை எழுத ஒன்று. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எண்ணை எழுத மற்றொன்று.

‘பொ’ என்னும் ஓர் எழுத்து

இரண்டாவது பாடம் இதைவிடக் கடினமானது. ஏறிய நூல்களிலும் சில கிடைக்கவில்லை. ‘பொருளாதாரம்’ என்று தட்டினால் சில வந்தன. வேறு சில, அதே சொல் பெயரில் இருந்தும் வரவில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஒருங்குறியில் ‘பொ’வை இரண்டு விதமாக எழுத முடியும் என்று நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். ‘ப’ என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு விதம். ‘ப’வுக்குப் பின் ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இடுவது மற்றொரு விதம். திரையில் வேறுபாடு தெரியாது. எந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஓகாரக் குறிக்கும் இதே தொல்லை உண்டு. ஔகாரத்தில் ‘ள’ போன்ற குறிக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே தட்டிவிடுவோரும் உண்டு. ‘ஸ்ரீ’யையும் இரு வகையில் எழுதலாம்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. தமிழ் 1991-இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆனால் நெடுங்காலம் நாம் பலவகை எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்துவந்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி ஒரு தரம் வந்தது; உலகத் தமிழர் பலர் தஸ்கி என்ற முறையைக் கையாண்டார்கள்; 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். அதுவும் தஸ்கியில் தொடங்கிப் பின்னர் ஒருங்குறிக்கு வந்தது. பழைய முறைகள் பலவற்றில் கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவார்கள். அதை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கவனமாக எழுதப்படாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்தே நிற்கும். பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியவர்களின் பதிவுகளில் இதுதான் நேர்ந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்த அன்று மாலை, என் தாயின் பெயரை இரண்டு விதமாகவும் தட்டி அருகருகே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஒன்றைத் தேடினால் மற்றொன்று வரவில்லை. சன்னலோரத்தில் என் காதருகே கேட்ட கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. நாம் ஒன்றும் தப்பாகக் கொடுக்கவில்லை, அம்மா.

தீர்வு மிகச் சிறியது. இருவகையையும் ஒரே வகையாக மாற்றும் விதியை ஒருங்குறியே வகுத்து வைத்திருக்கிறது. பைதான் மொழியில் அது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை எழுத ஏற்றும் பாதையில் இடம் வேண்டும். தேடுகிறவன் தட்டும் சொல்லையும் அதே விதிப்படி மாற்ற வேண்டும். ‘கடல்’ என்று தேடுகிறவனுக்குக் ‘கடலில்’, ‘கடலுக்கு’ என்பவையும் கிடைக்கச் செய்வதும் இப்படித்தான். சொல்லின் வேரைப் பிரிப்பதா இல்லையா என்பதை அடைவு கட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எதை மாற்றினாலும் மூலத்தை மாற்றாமல் தனியே ஒரு படி வைத்திருக்க வேண்டும்.

அப்பாவின் பெல்ட்

நான் அத்திப்பட்டுக்காரன். எங்கள் ஊரில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு நிலைகளில் மட்டும் 210 மெகாவாட் அலகுகள் 3, 600 மெகாவாட் அலகுகள் 2, ஆக 1,830 மெகாவாட். பக்கத்தில் 2001-இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கி 2014-இல் காமராசர் பெயர் பெற்ற துறைமுகம். கப்பலில் வரும் நிலக்கரியைக் கன்வேயர் பெல்ட் சுமந்து வரும். என் தந்தை ஓர் ஒப்பந்தக்காரரிடம் பெல்ட் வேலை பார்ப்பவர்.

எங்கள் 183 நூல்களின் கதையை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். கிளஸ்டர் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. "பெல்ட்டுக்கு மேல காந்தம் தொங்குது இல்ல, அது எதுக்கு? கரியோட இரும்புத் துண்டு வந்தா இழுத்துக்கும். இல்லன்னா கிரஷர் போயிடும். இழுத்த இரும்ப நாங்க சும்மா வீசிட மாட்டோம். இது போல்ட்டா, பிளேட்டா, எங்கிருந்து கழண்டு வந்துதுன்னு பார்ப்போம். பெல்ட் ஓடற வேகம் பெரிசு இல்லடா. எதை எடுத்துப் போட்டோம்னு கணக்கு இருக்கணும்" என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நாங்கள் ஒரு பருவம் முழுவதும் அலைந்து கற்றதை ஒரு கவளம் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் இடையே சொல்லிவிட்டார். நாங்கள் பெல்ட்டை மட்டும் ஓட்டினோம். காந்தத்தையும் வைக்கவில்லை, கணக்கையும் வைக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வேகம் முக்கியமில்லையா என்று கேட்பவர்களுக்கும் நான் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வேகம் முக்கியமான இடங்கள் உண்டு. ஓர் ஆலையின் வெப்பமானிகள் நொடிக்கு நொடி அனுப்பும் அளவுகளில் ஒன்று தவறினால் அடுத்த நொடி இன்னொன்று வரும். அங்கே ஃபைல்பீட் போன்ற சிறு நிரல்கள் கோப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வரி வரியாய் அனுப்பிக்கொண்டிருப்பது போதும். ஆனால் நூலும், பெயரும், பட்டாவும், சான்றிதழும் அப்படியல்ல. அவற்றில் ஒன்று தவறினால் அதற்கு ஈடாக வேறொன்று வருவதில்லை. ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எவ்வளவு ஏற்றப் போகிறோம்? ஒரு தடவையா, நாள்தோறுமா? ஒன்று விடுபட்டால் இழப்பு யாருக்கு? பாதியில் நின்றால் மறுபடி ஏற்ற முடியுமா?

எங்களுடைய விடைகளைக் கொண்டு நாங்கள் வந்து சேர்ந்த வழி இது. பல்க் முறையையே வைத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு சிறு பைதான் நிரலை எழுதினோம். முன்னே நிற்பது எழுத்துகளை ஒரே வகையாக்கும். பின்னே நிற்பது ஒவ்வொரு பதிவுக்கும் வந்த விடையைப் படித்து, மறுக்கப்பட்டதைக் காரணத்தோடு தனிக் கோப்பில் எழுதும். இறுதியில் அனுப்பியது, ஏறியது, நின்றது என்ற மூன்று எண்களையும் அச்சிடும். முதல் எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளமாட்டோம். லாக்ஸ்டாஷும் இவற்றில் பலவற்றைச் செய்யும். எங்கள் பழைய கணினிகளின் நினைவகத்துக்கு அது பாரமாக இருந்ததால்தான் விட்டோம்.

பதிவுகளுக்கு அடையாள எண்ணாக நூலகப் பதிவேட்டின் வரிசை எண்ணையே கொடுத்தோம். எந்திரமே எண் கொடுத்துக்கொண்டால் சற்று விரைவாக ஏறும். ஏனெனில் அந்த எண் முன்பே இருக்கிறதா என்று அது தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அனல்மின் நிலையத்தின் நிழலில் வளர்ந்த எனக்கு மின்வெட்டு புதிதன்று. பாதி ஏறியபோது மின்சாரம் போய், மறுபடி முதலிலிருந்து ஏற்றினால் ஒரே நூல் இரண்டாக நிற்கும். நம் எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை ஏற்றினாலும் ஒன்று ஒன்றாகவே இருக்கும். அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. சன்னலோரத்தில் அந்த வயதான ஊழியர் செய்ததுபோல, சொல் தவறினாலும் எண்ணைக்கொண்டு காகிதத்துக்குத் திரும்பிப் போக ஒரு பாலம் இருக்கும்.

மறுக்கப்பட்ட 183 நூல்களையும் நூலகரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தோம். மூன்று வாரம் ஆயிற்று. தமிழ்த் துறை நண்பர்கள் இருவர் வந்து உதவினார்கள். தாளையும் அச்செழுத்தையும் பார்த்து ஆண்டு சொல்ல அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நாங்கள் கற்றோம். கணினி நிமிடங்களில் ஏற்றிய 6,031 நூல்களைவிட, மூன்று வாரம் எங்களைக் காக்க வைத்த 183 நூல்களே எங்களுக்குக் கல்வி தந்தன.

இது நம் கல்லூரியின் ஒரு சிறு வேலை. ஆனால் நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமர்ந்து இலட்சக்கணக்கான பெயர்களை ஏற்றப் போகிறோம். அப்பெயர்களுக்கு உரியவர்கள் சன்னலுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களில் பலர், ‘இல்லை’ என்ற சொல்லை எதிர்த்துக் கேள்வி கேட்கத் துணியாதவர்கள். தம்மிடமே தவறு என்று எண்ணித் திரும்பிப் போகிறவர்கள். அவர்கள் நம் தாய்மார்கள்.

எனவே நம் துறையில் இனி ஏற்றப்படும் எந்தத் தொகுப்புக்கும் ‘விடுபட்டவை’ என்று ஒரு பதிவேடு கட்டாயம் இருக்க வேண்டும், அதைப் பருவந்தோறும் ஓர் ஆசிரியர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றும் வேலையில் கணினித் துறையோடு தமிழ்த் துறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

அந்தப் பழைய வைத்திய நூலின் பெயரை இப்போது தட்டினால் முதல் வரியிலேயே வருகிறது. நூலகரை அழைத்து வந்து காட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். பிறகு, "சரி, இனி இல்லாத ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டிக் காட்டு, தம்பி" என்றார். தட்டினேன். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற வரியின் கீழே நாங்கள் புதிதாகச் சேர்த்திருந்த மற்றொரு வரியும் வந்தது: ‘நூலகரையும் ஒருமுறை கேளுங்கள்.’